ரோமிங் ப்ரொஃபைல் செட்டப்: முதல்ல பாரத்தைக் குறைங்க, அப்புறம் ஊர் சுத்த விடுங்க

வணக்கம் நண்பர்களே. பத்து பதினஞ்சு கம்ப்யூட்டர் இருக்கிற ஒரு சின்ன ஆபீஸ். யாரு எந்த சிஸ்டத்துல உட்கார்ந்து லாகின் பண்ணாலும் அவங்க டெஸ்க்டாப், அவங்க செட்டிங்ஸ் அப்படியே வரணும். அதுக்குத்தான் ரோமிங் ப்ரொஃபைல். ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (எல்லா யூசரையும் சிஸ்டத்தையும் ஒரே சர்வர்ல இருந்து நிர்வகிக்கிற ஏற்பாடு) ஓடுது, எல்லா சிஸ்டமும் அதுல ஜாயின் ஆகியிருக்குன்னு எடுத்துக்கிறேன். விண்டோஸ் ஹோம் எடிஷன் டொமைன்ல சேராது, ப்ரோ இல்லைன்னா அதுக்கு மேல வேணும்.

மவுஸைத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஃபைல் எல்லாம் சர்வர்ல இருக்கு, நாம அங்கேயே திறந்து வேலை பார்க்கிறோம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. லாகின் பண்ணும்போது ப்ரொஃபைல் சர்வர்ல இருந்து இந்த சிஸ்டத்துக்குக் காப்பி ஆகுது. நாள் பூரா வேலை நடக்கிறது இந்த சி டிரைவ்ல. லாகாஃப் பண்ணும்போதுதான் மாறினது எல்லாம் சர்வருக்குத் திரும்பப் போகுது. இது மனசுல நின்னுட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும்.

இப்போ ஒரு கணக்கு போடுங்க. ஒருத்தரோட ப்ரொஃபைல் 6 ஜிபி. பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். நல்லா போனாலே செகண்டுக்கு 11, 12 எம்பிதான் வரும். ஒரு புது சிஸ்டத்துல உட்கார்ந்தா எட்டு ஒன்பது நிமிஷம் வெல்கம் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். குட்டி குட்டி ஃபைலா ஆயிரக்கணக்குல இருந்தா இன்னும் மோசம். காலையில எல்லாரும் ஒண்ணா லாகின் பண்ணா சர்வர் திணறும்.

அதனாலதான் ரோமிங் ப்ரொஃபைலை முதல்ல போடாதீங்கன்னு சொல்றேன். முதல்ல ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் போடுங்க. குரூப் பாலிசியில, அதாவது எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே இடத்துல இருந்து செட்டிங்ஸ் அனுப்புற வசதியில, யூசர் கான்ஃபிகரேஷன், பாலிசிஸ், விண்டோஸ் செட்டிங்ஸ், அதுக்குள்ள ஃபோல்டர் ரீடைரக்‌ஷன். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூணையும் சர்வருக்குத் திருப்பி விடுங்க. இந்த மூணும் அதுக்கப்புறம் காப்பி ஆகாது, நேரா சர்வர்லயே உட்கார்ந்திருக்கும். சுமந்துக்கிட்டு அலையற மூட்டையில இருந்து பெரிய பாரம் இறங்கிடும். அந்த விண்டோல ‘யூசருக்கு மட்டும் தனி உரிமை’ங்கிற டிக் தானாவே விழுந்திருக்கும், அதை எடுத்துடுங்க. இல்லைன்னா நாளைக்கு ஒரு ஃபைலை மீட்டுக்கொடுக்க அட்மினால உள்ளேயே போக முடியாது. இந்த ஃபோல்டர்களுக்குத் தனி ஷேர் (நெட்வொர்க்ல பகிர்ந்து விடுற ஃபோல்டர்), ப்ரொஃபைலுக்குத் தனி ஷேர். ரெண்டையும் கலக்காதீங்க.

சரி, ப்ரொஃபைல் ஷேர். சர்வர்ல டேட்டா டிரைவ்ல ப்ரொஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர். ஷேர் பேரோட கடைசியில டாலர் குறி போட்டுட்டா நெட்வொர்க்ல மேயறவங்க கண்ணுல படாது. யூசர்களை எல்லாம் ஒரு செக்யூரிட்டி குரூப்ல போட்டு, ஷேர் பர்மிஷன்ல அந்த குரூப்புக்கு ஃபுல் கண்ட்ரோல். உண்மையான காவல் என்டிஎஃப்எஸ் பர்மிஷன்லதான், அதாவது டிரைவ்ல ஃபோல்டர் மேலயே போடுற அனுமதியில. அங்க அதே குரூப்புக்கு ‘இந்த ஃபோல்டருக்கு மட்டும்’னு வச்சு, உள்ள இருக்கிறதைப் பார்க்கவும் புது ஃபோல்டர் உருவாக்கவும் மட்டும் அனுமதி. கிரியேட்டர் ஓனருக்கு, அதாவது ஃபோல்டரை உருவாக்கினவருக்கு, சப் ஃபோல்டர், ஃபைல் மேல ஃபுல் கண்ட்ரோல். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ரெண்டுக்கும் ஃபுல் கண்ட்ரோல். அப்போ ஒவ்வொருத்தரும் தன் ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்குவாங்க, பக்கத்து ஆளோடது திறக்காது. இந்த ஷேர்ல ஆஃப்லைன் கேச்சிங்கை நிறுத்திடுங்க. அது ஒரு பக்கம் காப்பி எடுக்கும், ரோமிங் ஒரு பக்கம் காப்பி எடுக்கும், ரெண்டும் மோதிக்கும்.

அடுத்தது, முதல் யூசர் லாகின் பண்றதுக்கு முன்னாடியே செஞ்சாகணும். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், யூசர் ப்ரொஃபைல்ஸ். அங்க அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பை ரோமிங் ப்ரொஃபைல்ல சேர்க்கிற பாலிசி இருக்கும், அதை எனேபிள் பண்ணுங்க. இது யூசர்கள் உட்கார்ற சிஸ்டங்களுக்குப் போய்ச் சேரணும், சர்வருக்கு மட்டும் போட்டா பிரயோஜனம் இல்லை. ஃபோல்டர் உருவாகிற நேரத்துல மட்டும்தான் இது வேலை செய்யும். அப்புறம் போட்டா பழைய ஃபோல்டருக்கு ஒட்டாது.

இப்போ யூசர் ப்ராப்பர்ட்டீஸ், ப்ரொஃபைல் டேப். ப்ரொஃபைல் பாத்ல ரெண்டு பேக்ஸ்லாஷ், சர்வர் பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், ப்ரொஃபைல்ஸ் டாலர், மறுபடி பேக்ஸ்லாஷ், பர்சென்ட் யூசர்நேம் பர்சென்ட். அப்ளை கொடுத்ததும் அந்த இடத்துல யூசரோட பேரே வந்து நிக்கும், ஸ்கிரீன்ல பாருங்க.

இங்கதான் நான் முதல் தடவை ஒரு மத்தியானம் முழுக்க சிக்கிக்கிட்டேன். பொறுப்பா செய்றதா நினைச்சு ஒவ்வொருத்தர் பேர்லயும் ஃபோல்டரை நானே கையால உருவாக்கி வச்சேன். யூசர் லாகின் பண்ணாங்க, லாகாஃப் பண்ணாங்க, என் ஃபோல்டர் காலியாவே இருக்கு. பர்மிஷனை மாத்தி மாத்திப் பார்த்தேன். கடைசியில அந்த விண்டோவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பார்த்தா, அதே பேர்ல புள்ளி வி6-னு வால் வச்ச இன்னொரு ஃபோல்டர் பக்கத்துலயே நிக்குது, உள்ள எல்லாமே இருக்கு. விண்டோஸ் 10-ல 1607 பதிப்புல இருந்து இந்த வி6தான். விண்டோஸ் 7-க்கு வி2, 8.1-க்கு வி4. ஒரு பதிப்போட ப்ரொஃபைல் இன்னொண்ணுல கலந்து கெட்டுடக் கூடாதுன்னுதான் இந்தப் பிரிவு. அதனால ஃபோல்டரை நீங்க உருவாக்காதீங்க, பாத்லயும் வி6-னு எழுதாதீங்க. விண்டோஸே பார்த்துக்கும்.

இன்னொண்ணு எனக்கு நடந்தது. கணக்குப் பிரிவுல ஒருத்தங்க, தன் சீட்லயும் மீட்டிங் ரூம் சிஸ்டத்துலயும் ஒரே நேரத்துல லாகின்ல இருந்தாங்க. சீட்ல நெட்வொர்க் டிரைவ் மேப் பண்ணி, டீஃபால்ட் பிரிண்டர் மாத்தி, லாகாஃப் பண்ணிட்டுப் போனாங்க. அப்புறம் வந்து மீட்டிங் ரூம்ல லாகாஃப். மறுநாள் காலையில ரெண்டுமே காணோம். அந்த செட்டிங்ஸ் எல்லாம் NTUSER.DAT-னு ஒரே ஃபைல்ல, அதாவது அவங்களோட ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் செட்டிங்ஸைச் சேர்த்து வைக்கிற இடம்) இருக்கு. அது முழு ஃபைலாத்தான் போகும், கடைசியா லாகாஃப் ஆனதுதான் நிலைக்கும். தப்பு அவங்க மேல இல்லை, இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது நான். இப்போ எந்த ஆபீஸ்ல செட்டப் பண்ணாலும் ஸ்டாஃபைக் கூப்பிட்டு ரெண்டு விஷயம் சொல்லிடுறேன்: ஒரு நேரத்துல ஒரு சிஸ்டம், போகும்போது லாகாஃப். ஸ்கிரீனை லாக் பண்றது லாகாஃப் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைக்கிறதும் லாகாஃப் இல்லை.

பிரவுசர் பத்தி கேட்பீங்க. ப்ரொஃபைல்ல ஆப்டேட்டான்னு (AppData) புரோகிராம்கள் தங்க விவரத்தை வைக்கிற ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள ரோமிங் ஃபோல்டர் மட்டும்தான் கூடவே பயணம் பண்ணும், லோக்கல் பண்ணாது. ஃபயர்ஃபாக்ஸோட ப்ரொஃபைல் ரோமிங்ல இருக்கு, அதனால வரும். குரோம் லோக்கல்ல வைக்குது, புக்மார்க் வரலையேன்னு முதல் நாளே கேட்பாங்க. அதுக்கு குரோம்லயே தனி பாலிசி இருக்கு.

‘டெம்பரரி ப்ரொஃபைல்ல சைன் இன் ஆகியிருக்கீங்க’ன்னு மெசேஜ் வந்தா யூசரை உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்க. அதுல சேவ் பண்றது லாகாஃப்ல அழிஞ்சுடும். ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக் பாருங்க. 1521-ங்கிற ஈவென்ட் எண் இருந்தா சர்வர்ல இருக்கிற காப்பியை எட்ட முடியலைன்னு அர்த்தம். முதல்ல யூசர் உட்கார்ந்திருக்கிற சிஸ்டத்தோட டிஎன்எஸ் (சர்வர் பேரை வச்சு அதோட முகவரியைக் கண்டுபிடிக்கிற சேவை) செட்டிங், டொமைனை நடத்துற சர்வரான டொமைன் கன்ட்ரோலரைத்தான் பார்க்குதான்னு செக் பண்ணுங்க, அப்புறம் பர்மிஷனுக்கு வாங்க.

எல்லாருக்கும் ஒரே நாள்ல போட்டுடாதீங்க. ஒரு டெஸ்ட் யூசர் போதும். முதல் சிஸ்டத்துல வால்பேப்பரை மாத்துங்க, டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் ஃபைல் வைங்க, லாகாஃப் பண்ணுங்க. சர்வர்ல வி6 ஃபோல்டர் வந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் எழுந்து போய் ரெண்டாவது சிஸ்டத்துல லாகின் பண்ணுங்க. அந்த வால்பேப்பரும் நோட்பேட் ஃபைலும் அங்கேயும் இருந்துச்சுன்னா, அடுத்த யூசரோட ப்ரொஃபைல் டேபைத் திறக்கலாம்.