பல் டாக்டர் படிப்பா இது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். நேரம் கம்மி. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்த பிள்ளை எந்தப் பக்கம் ஊன்றிப் படிக்க வேண்டும்? இலக்கியமா? மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராய்கிற மொழியியலும் ஆங்கிலம் கற்பித்தலுமா? இதுதான் தலைப்பு. இரண்டாவதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, ஷேக்ஸ்பியரில் ஆரம்பித்து மில்டன் வரைக்கும் அழகாகப் பேசினார். நானும் கை தட்டினேன். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள். "மொழியியல் எடுத்த பிள்ளைங்க நாக்கு எங்க படுது, பல் எங்க படுதுன்னு வாயையே பாத்துட்டு இருக்காங்க. இது இங்கிலீஷ் டிகிரியா, பல் டாக்டர் டிகிரியா?" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. சரி தம்பி, அந்தப் பல்லை நான் விடப்போவதில்லை.

தாய்மார்களே, எல்லோரும் ஒரு தடவை சத்தமாக 'அம்மா' என்று சொல்லுங்கள். உதடு ஒட்டியதா? 'அப்பா' சொல்லுங்கள். மறுபடியும் ஒட்டியதா? இப்போது உதடு ஒட்டாமல் 'அம்மா' சொல்லிப் பாருங்கள். முன் வரிசையில் ஒரு பாட்டி விடாமல் முயற்சி செய்கிறார், வரவே இல்லை! ஏன் வரவில்லை? "இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்." சொன்னவர் லண்டன்காரரா? இல்லை, நம் தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று தனியாக ஓர் இயலே வைத்து, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தகரமும் நகரமும் பிறக்க, நாக்கு நுனி பரந்து மேல்பல்லின் அடியில் ஒற்ற வேண்டும் என்கிறார். இதே வேலைக்கு ஐரோப்பியர்கள் பாரிசில் சங்கம் வைத்தது 1886-ல்! தம்பி, இது பல் டாக்டர் படிப்பு என்றால் உலகத்தின் மூத்த பல் டாக்டர்களில் ஒருவர் நம் தொல்காப்பியர். அவரிடம் படிக்க எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

இந்தப் படிப்பு என்ன தந்தது என்றும் கேட்டார். 1816-ல், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று சான்றோடு எழுதினார். 1856-ல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய அதே வருஷம்! நம் மொழி யாருக்குச் சொந்தம், யாருக்குப் பிள்ளை இல்லை என்று ஆதாரத்தோடு பேச முடிகிறதென்றால் அது இந்தப் 'பல் டாக்டர்'கள் போட்ட பிச்சை.

இப்போது காசிமேட்டுக்கு வாருங்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். பையன் பன்னிரண்டாவது முடித்து, கப்பல் வேலைக்கான பயிற்சியும் முடித்து, இன்டர்வியூவுக்குப் போனான். நல்ல சட்டை, நல்ல ஷூ, எல்லாம் சரியாக இருந்தது. அங்கே ஓர் அதிகாரி, கப்பலைத் திருப்புகிற சுக்கானைப் பிடிக்கிறவனுக்குக் கொடுக்கிற உத்தரவு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டார். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்: "ஸ்டார்போர்டு ஃபிஃப்டீன்." அதாவது, வலது பக்கம் பதினைந்து டிகிரி. நம் பையன் நெஞ்சை நிமிர்த்தித் திருப்பிச் சொன்னான்: "ஸ்டார்போர்டு ஃபிஃப்டி!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, பெரும்பாலான கப்பலில் சுக்கான் 35 டிகிரிக்கு மேல் திரும்பாது. நீ 50 டிகிரிக்கு எப்படித் திருப்புவே?" என்றார். பையன் என்ன சொன்னான் தெரியுமா? "பலமா திருப்புவேன் சார்!"

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா விசாரித்தார். "என்னடா தப்பு பண்ண?" "பதினஞ்ச அம்பதுன்னு கேட்டுட்டேம்மா." அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஏண்டா, ஏலத்துல நூறு பேர் கத்துறப்ப நூத்தம்பதா நூத்தறுபதான்னு உனக்குக் காதுல விழல? பத்து வயசுல கணக்கு சொன்னவன்டா நீ! பதினஞ்சுக்கும் அம்பதுக்கும் வித்தியாசம் தெரியாமலா உன்ன வளத்தேன்?" காலையில் ஆரம்பித்த திட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதும் நிற்கவில்லை.

அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் ஒரு அக்கா நின்றார். எம்.ஏ. ஆங்கிலம். எடுத்தது மொழியியலும் கற்பித்தலும். கூப்பிட்டு உட்கார வைத்தார். "உன் காதில் குறை ஒன்றும் இல்லை. எங்கே கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஃபிஃப்டீனில் பின்பாதிதான் அழுத்தம், இழுத்து வரும். ஃபிஃப்டியில் முன்பாதி அழுத்தம், பின்பாதி சட்டென்று முடியும். இரைச்சலில் கடைசி 'ன்' போய்விடும், அதை நம்பாதே" என்றார். போனில் எண்களைப் பதிவு செய்து கொடுத்து, "ஏலம் நடக்கிற இடத்தில் நின்று கேள்" என்று அனுப்பினார். பையன் மீன் ஏலத்துக்கு நடுவே காதில் போனை வைத்துக்கொண்டு ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, தர்ட்டீன், தர்ட்டி என்று கத்திக்கொண்டு நிற்கிறான். ஏலக்காரர் பயந்துபோய், "தம்பி, நீ எவ்ளோக்குதான் கேக்குற?" என்றாராம்!

சிரிக்கலாம். ஆனால் இது விளையாட்டு இல்லை. கப்பல்காரர்கள் பேச வேண்டிய ஆங்கிலத் தொடர்களைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் வகுத்து வைத்தது. 150 என்றால் 'ஒன் ஃபைவ் ஜீரோ' என்று தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். சுக்கான் உத்தரவுக்கு மட்டும் விலக்கு, அங்கே 'ஃபிஃப்டீன்' என்று முழுதாகத்தான் வரும். எந்த இடத்தில் நம் பையன் விழுந்தானோ அதே இடம். தப்பாகக் கேட்டால் கப்பல் தப்பான பக்கம் போகும், ஆள் சாவான். அந்த இடத்தில் அவனுக்குத் துணை அந்தப் 'பல் டாக்டர்' அக்காதான்.

இலக்கியத்தை நான் குறை சொல்லவே இல்லை. கவிஞர் ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அங்கே நின்றுவிட்டாரா? அமெரிக்கா போய் 1963-ல் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். குறுந்தொகைப் பாடல்களை 1967-ல் ஆங்கிலத்தில் உலகத்துக்குக் கொடுத்தார். மொழியின் எலும்பைத் தொட்டுப் பார்த்தவர் கையில் கவிதை இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

எதிரணித் தலைவர் நிறைய வாதங்களை வைத்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல நேரம் இல்லை. எனக்கு வேறு ஒன்று நெஞ்சை அடைக்கிறது.

நம் வியாசர்பாடியில், தண்டையார்பேட்டையில், திருவொற்றியூரில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் குடும்பத்திலேயே முதல் ஆளாக பி.ஏ. ஆங்கிலம் சேர்கிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! முதல் செமஸ்டரில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புரியாததைப் புரிந்ததுபோல எழுதிக்கொண்டு, வீட்டில் "நல்லா போகுதும்மா" என்று சொல்கிற பிள்ளைகள். அவர்களுக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே, ஐந்து வகுப்புக்கு முன்னால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைப் பார்த்து, காதைப் பார்த்து, "இங்கே தடுமாறுகிறாய் கண்ணு, இப்படிச் சொல்லு" என்று சொல்லியிருந்தால் அந்தக் கடைசி பெஞ்ச் காலியாக இருந்திருக்கும். அந்த ஒருவர் நம் தெருவிலிருந்தே வர வேண்டும். வெளியிலிருந்து யாரும் வந்து நமக்குச் செய்யப்போவதில்லை.

நடுவர் ஐயா, அந்தப் பையன் இரண்டாவது தடவை போய் வேலை வாங்கிவிட்டான். இன்றைக்குக் கடலில் இருக்கிறான். அவன் அம்மா இதோ மூன்றாவது வரிசையில், கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா, எழுந்து நில்லுங்கள். வெட்கப்படாதீர்கள், எல்லோரும் பார்க்கட்டும். ஐயா, தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், "எதிர்வீட்டு அக்கா படித்தது வீணா?" என்று. அவர் சொல்கிற பதிலையே தீர்ப்பாக எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.