டிஜிட்டல் சிற்றலை ரேடியோ: இப்பவே வாங்கவா, பொறுக்கவா?

வணக்கம் நேயர்களே. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மூணு நாளா என் தலைக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கு. திண்டுக்கல்லேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்கார்: "ஐயா, கையடக்க டிஜிட்டல் சிற்றலை ரேடியோவுக்கு இனிமே எதிர்காலம் இருக்கா? காசு சேர்த்து வெச்சிருக்கேன். இப்பவே வாங்கவா, ரெண்டு வருஷம் பொறுத்தா இதைவிட நல்லது வருமா?"

புது நேயர்களுக்காக ஒரு வார்த்தை: சிற்றலைன்னா ஷார்ட்வேவ், தூர தேசத்து நிலையங்களைக் கொண்டுவர்ற அலை. தம்பி, முதல்ல 'டிஜிட்டல்'ங்கற சொல்லைப் பிரிச்சுப் பார்ப்போம். கடையில ஒரே பேர்ல மூணு சரக்கு விக்குது. ஒண்ணு, முள்ளுக்குப் பதிலா எண் காட்டற ரேடியோ. உள்ள பழைய சர்க்யூட்தான், அலைவரிசையை மட்டும் எண்ணிக் காட்டும். ரெண்டாவது டிஎஸ்பி. காத்துல வர்றது அதே ஏஎம் ஒலிபரப்புதான், ஆனா செட்டுக்குள்ள வந்ததும் அதை எண்ணா மாத்திடுவாங்க. வடிகட்டறது, பிரிக்கறது எல்லாம் அதுக்கப்புறம் கணக்காவே நடக்கும். மூணாவது டிஆர்எம். இதுல நிலையம் அனுப்பறதே டிஜிட்டல்.

ரெண்டாவது ரகத்துக்கு எதிர்காலம் நல்லாவே இருக்கு. பேர்போன சோனி 7600ஜிஆர் சிற்றலை ரேடியோ உற்பத்தி நின்னப்போ எனக்கும் நெஞ்சு அடைச்சுது. ஆனா சிலிக்கான் லேப்ஸ் கம்பெனி கொண்டுவந்த எஸ்ஐ4734, 4735 டிஎஸ்பி சிப்புகளைப் பாருங்க, நகத்தளவுதான். எஃப்எம், மத்திய அலை, சிற்றலை மூணும் அதுக்குள்ளேயே. டெக்சன் பிஎல்-380 மாதிரி செட்டுகளுக்கு உயிரே அந்த வரிசைச் சிப்தான். பசங்க அதே குடும்பத்துச் சிப்பை வாங்கி வீட்லயே ரேடியோ கட்டறாங்க. இதுக்காக ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதில்ல.

டிஆர்எம் விஷயம் வேற. முறையான ஒலிபரப்பு ஆரம்பிச்சது 2003-ல. இருபது வருஷம் தாண்டியும் நம்ம ஊர்க் கடையில போய் "ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு வாங்க முடியல. நம்ம நாட்டு ஏவியான் கம்பெனி ஒரு செட் கொண்டுவந்தாங்க, சந்தோஷப்பட்டேன், ஆனா ஊரெல்லாம் பரவல. ரேடியோ இல்லேன்னு நிலையம் தயங்குது, நிலையம் இல்லேன்னு ரேடியோ செய்யறவங்க தயங்கறாங்க. அதோட, ஒரு நிலையத்தோட 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள்ள, ஒலியைப் பிரிச்சுச் சுமந்து வர்ற துணை அலைகள் ஏறத்தாழ 200. அத்தனையையும் ஒரே நேரத்துல பிரிச்சுக் கணக்குப் போடணும், அது பேட்டரியத் தின்னும். நம்ம நாட்டுல டிஆர்எம் கார்கள்ல நுழைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன். கார்ல மின்சாரத்துக்குப் பஞ்சமில்ல. அதுவும் ஆகாசவாணி இங்க பெரும்பாலும் டிஆர்எம் போட்டிருக்கறது மத்திய அலையில.

இப்ப நீங்க கேட்காத கேள்விக்கு வர்றேன். பழைய நேயர்களுக்கு நான் எங்க போறேன்னு தெரியும். சொன்னதையே சொல்றேன்னு நினைக்காதீங்க, இது சொல்லச் சொல்லத் தீராத விஷயம். தம்பி, உங்க வீட்ல இரைச்சல் எவ்வளவு?

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நான் வேதாரண்யம் பக்கம் மாமா வீட்ல இருந்தேன். தென்னையெல்லாம் சாஞ்சு கிடக்கு, கம்பமெல்லாம் கீழ. நாள் கணக்கா கரண்ட் இல்ல. மூணாம் நாள் ராத்திரி, மாமா பரண்லேர்ந்து பழைய ரெண்டு பேண்டு ரேடியோவை எடுத்து ரெண்டு பேட்டரி போட்டாங்க. டயல் கயிறு தொய்ஞ்சுபோன செட்டு. சிற்றலையில 31 மீட்டர்னு ஒரு பகுதி, தூர நாட்டு நிலையங்கள் கூடற இடம். அங்க முள்ள நகர்த்தினா சீன நிலையங்கள் வரிசையா நிக்குது, நடுநடுவுல அரபி, ஏதோ ஒரு பிரெஞ்சு. அடுத்த வீட்டுக்காரர் பேசற மாதிரி தெளிவு! என் பையில நல்ல டிஎஸ்பி செட் இருந்துச்சு. அதுல, எங்க வீட்டு மாடியில கூட, அந்த நிலையங்களை அப்படி நான் கேட்டதே இல்ல. மாமா, "எல்லாம் அப்படியேதான்டா இருந்திருக்கு, நமக்குத்தான் கேக்கல"ன்னாங்க.

அதேதான். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வேலை செய்யுது. அந்த வெட்டோட எதிரொலி சிற்றலை முழுக்கப் பரவும். வீட்டு வயரிங்கே ஆன்டெனா மாதிரி அதை வீசும். கல்லு கலந்த அரிசிய வெள்ளிப் பானையில பொங்கினாலும் பல்லுல கல்லு கடிபடத்தான் செய்யும். சிப் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் எண்ணா மாத்தும்.

டிஆர்எம்ல இது இன்னும் மோசம். ஏஎம்ல இரைச்சலுக்கு நடுவுல காதைத் தீட்டிக்கிட்டுப் பாதிச் செய்தியாவது பிடிச்சுடலாம். டிஆர்எம்ல ஒரு அளவுக்குக் கீழ போனா மொத்தமா மௌனம். அதான் நியூசிலாந்து வானொலியைப் பாருங்கன்னு போன தடவையும் சொன்னேன். பசிபிக் தீவுகளுக்கு டிஆர்எம்ல அனுப்பறாங்க. அங்க உள்ளூர் நிலையங்கள் அதை வாங்கி எஃப்எம்ல மறுபடி விடுது. பிடிக்கற வேலை நிலையத்தோடது, மக்களுக்குச் சாதா ரேடியோ போதும். 2024-ல புது 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரே வெச்சிருக்காங்க. சிற்றலை டிஆர்எம் இந்த மாதிரி இடத்துலதான் வாழும். கையடக்க செட்டுல வீட்டுக்கு வீடு வரும்னு எனக்கு நம்பிக்கை வரல. வந்தா முதல் ஆளா வாங்குவேன்.

அதனால தம்பி, டிஎஸ்பி செட் ஒண்ணு இப்பவே வாங்குங்க. சேர்த்த காசுல கொஞ்சம் மிச்சம் பிடிச்சு ஏழெட்டு மீட்டர் வயர் வாங்கி, மொட்டை மாடியில வீட்டைவிட்டுத் தள்ளிக் கட்டுங்க. ரொம்ப நீளம் வேண்டாம், சின்ன செட்டு திணறிப்போகும். சார்ஜர்ல சொருகிக்கிட்டுக் கேக்காதீங்க, பேட்டரியிலயே ஓட்டுங்க. அதுக்கு முன்னாடி, பக்கத்து வீட்ல ஒரு பழைய ரேடியோவைக் கடன் வாங்கி, ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு மெயினை அஞ்சு நிமிஷம் அணைச்சுட்டு 31 மீட்டரைத் திருப்பிப் பாருங்க. அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, சீரியல் நேரம். என்ன கேட்டுச்சுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த வாரம் இதே இடத்துல படிக்கறேன்.