பச்சை முத்திரை, 240 ரூபாய் காபி, ஒரு கேள்வி

வணக்கம் மக்களே. இன்றைக்கு மாடித்தோட்டம் கிடையாது, செம கடுப்பில் இருக்கிறேன். பசுமை எரிபொருளில் பணம் போடலாம் என்று ஒரு ஏஜென்ட் தம்பி ஏசி கடைக்குக் கூப்பிட்டார். ஒரு காபி 240 ரூபாய்! அதுவும் டம்ளரில் பாதி நுரை. தெருமுனையில் 15 ரூபாய்க்கு டிகாஷன் தூக்கலாகக் கிடைக்கிறதே! சர்க்கரை வேறு தனிப் பொட்டலம். பில்லைப் பார்த்ததும் தம்பிக்கு போன் வந்துவிட்டது. நான்தான் கொடுத்தேன்.

சரி, விஷயம். அவர் கொடுத்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சான்றிதழ் முத்திரை. முத்திரை என்றாலே எனக்கு ஆகாது. “மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்று ஒரு நாடு, அங்கே நடந்த கதை தெரியுமா?” என்று கேட்டேன். முழித்தார்.

அங்கே மக்கேனி ஊர்ப்பக்கம் அடாக்ஸ் பயோஎனர்ஜி என்ற கம்பெனி, சுவிஸ் குழுமத்தைச் சேர்ந்தது, 2010-ல் 50 வருடக் குத்தகைக்கு நிலம் எடுத்தது. கரும்பு போட்டு எத்தனால் என்ற எரிபொருளைக் காய்ச்சி ஐரோப்பாவுக்கு அனுப்புவது திட்டம். நெதர்லாந்தின் எஃப்.எம்.ஓ., ஜெர்மனியின் டி.இ.ஜி., ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி என்று பொதுப்பணம் புழங்கும் நிறுவனங்கள் கடன் கொடுத்தன. 2013-ல் ஆர்.எஸ்.பி. சான்றிதழும் வந்தது, அதாவது இயற்கையையும் ஊர்மக்களையும் கெடுக்காமல் பயிரிலிருந்து எடுத்த எரிபொருள் என்பதற்கான சான்று. முத்திரை! 2015-ல் வேலையைச் சுருக்கிவிட்டார்கள், 2016-ல் கம்பெனி கைமாறியது. அங்கே வேலை பார்த்த பலருக்குக் கூலி நின்றது. ஆனால் நிலம் ஏற்கெனவே குத்தகைக்குப் போய்விட்டதே, எங்கே போய் நெல் நடுவது?

அட, எபோலாவை விட்டுவிட்டேன். 2014-ல் அந்த நோய் நாட்டையே முடக்கியது, அதுவும் சேர்ந்துதான் அடித்தது. ஆக எல்லாப் பழியையும் கம்பெனி தலையில் கட்டமாட்டேன். ஆனால் எபோலா வருவதற்கு முன்பே ‘போலி’ பற்றிப் புகார் இருந்தது. நம்ம ஊர் பருப்புப் போலி இல்லை! மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த நிலத்தை அங்கே அப்படிச் சொல்வார்கள், நெல் விளையும் இடம். கரும்புக்காக வாய்க்கால் வெட்டியதில் போலிகள் வற்றிவிட்டன என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். சில்நார்ஃப் என்ற உள்ளூர் அமைப்பு வருஷா வருஷம் இதையெல்லாம் அறிக்கையாகப் போட்டது. பாராட்டணும்.

எஃப்.எம்.ஓ.வும் டி.இ.ஜி.யும் 2014-ல் புகார் வாங்கத் தனியாக ஓர் ஏற்பாடு செய்தன. நல்லதுதான். ஆனால் குத்தகைக் கையெழுத்து விழுந்து நாலு வருடம் கழித்து! கடன் பத்திரத்தில் மீட்டர் வட்டிபோல எல்லாம் கணக்காக இருக்கும், போலி வற்றினால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரியாவது இருக்குமா? இதைத்தான் தம்பியிடம் கேட்டேன்: “உங்க ஃபண்ட் பாதியில் கழன்றுகொண்டால் அந்த ஊருக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? எந்தப் பக்கம்?”

புரட்டினார், புரட்டினார். கடைசி அட்டை வரைக்கும் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி! “கேட்டுச் சொல்கிறேன் அக்கா” என்று கிளம்பினார். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்தினேன். ப்ளூ டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. காபி பில்லையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.