படியேற மறுக்கும் நாய்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்தில் கால்நடை வைத்தியரைத் தேடி ஆள் வந்தால் அது பெரும்பாலும் மாட்டுக்காகத்தான் இருக்கும். கன்று போட முடியாமல் கிடக்கிறது, மடி வீங்கியிருக்கிறது, புல் தின்னவில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் தோட்டம் தோட்டமாகப் போய் வந்தேன். மாட்டைப் பார்த்து முடித்து, கை கழுவி, இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது மூலையில் ஒரு கிழட்டு நாய் சுருண்டு கிடக்கும். "இதுக்கு என்ன?" என்று கேட்பேன். எந்த லயத்திலும் ஒரே பதில்தான் வரும். "அதுக்கு வயசாயிருச்சுங்க ஐயா."

அந்தப் பதிலோடு எனக்கு நெடுங்கால வழக்கு. வயசானால் நாய் கூடத் தூங்கும், மெதுவாக நடக்கும், அதெல்லாம் சரி. ஆனால் காலையில் எழும்ப முடியாமல் திரும்பத் திரும்ப எத்தனித்து, எழுந்து விறைத்த காலோடு கொஞ்ச தூரம் நடந்த பிறகு சரியாகிறது பாருங்கள், அது வயசு இல்லை. மூட்டு வலி. படிக்கட்டுக்கு முன்னால் நின்று யோசிப்பதும் வலிதான். ஒரே மூட்டை நக்கி நக்கி அந்த இடத்து மயிர் நிறம் மாறியிருப்பதும், பின் தொடை மெலிந்து எலும்பு தெரிவதும், பிள்ளை இடுப்பில் கை வைத்தால் உறுமுவதும் வலிதான். கால் முறிந்த நாய் கத்தும். மூட்டுத் தேய்ந்த நாய் கத்தாது. கத்தாததாலேயே வலி இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு அழன்று வீங்குகிறது. வலிக்கிற காலை நாய் ஊன்றாது. ஊன்றாத காலில் தசை கரையும். தசை கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் இல்லை, வலி இன்னும் கூடும். இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுக்கவேண்டும். தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க முடியாது. வலியைக் குறைக்க முடியும், நிறையவே குறைக்க முடியும்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பசுவுக்கு ஊசி போடப் போயிருந்தேன். அந்த வீட்டில் மணி என்று ஒரு செவலை நாய். நல்ல வயசில் வீட்டு அம்மாவோடு காலையில் மலைக்குப் போகும், கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் பின்னாலேயே வரும், சாயங்காலம் அவரோடுதான் திரும்பும். அந்தப் பாதையில் நானே அதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நாய் இப்போது வாசலோடு நின்றுவிட்டது. சோற்றுச் சட்டியை அடுப்படியில் வைத்தால் எட்டிப் பார்க்கும், வராது. "சாகப் போற நாய் வீட்டுக்குள்ள தங்காதும்பாங்கய்யா, அதான் வெளியவே கெடக்கு" என்றார் அந்த வீட்டு அப்பாயி.

நான் நாயை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வீடு முழுக்க டைல் பதித்திருந்தார்கள். அழகான தரை. "எப்ப இருந்து உள்ள வர்றதில்ல?" என்றேன். அப்பாயி கொஞ்சம் யோசித்தார். "தீவாளிக்குப் பொறகுதாங்க." டைல் பதித்ததும் அந்தத் தீபாவளிக்குத்தான்.

மணியின் இரண்டு இடுப்பு மூட்டும் இறுகிப்போயிருந்தன. வழுக்குகிற தரையில் பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகிப் போகும். ஏற்கெனவே புண்பட்ட மூட்டு அந்த இழுப்பில் இன்னும் புண்படும். ஓரிரு தரம் அப்படி விழுந்த நாய் அந்த இடத்தில் திரும்பக் கால் வைக்காது. அதற்கு அறிவு இருக்கிறது. பேரப்பிள்ளை கெட்டிக்காரன். வாசலில் இருந்து அடுப்படி வரைக்கும் சணல் சாக்கு விரித்தான். சாக்கும் டைலில் நகர்ந்தது. பழைய ஓட்டோ டியூப்பைப் பட்டை பட்டையாக வெட்டி அடியில் தைத்தான், பிறகு அசையவில்லை. அடுத்த தடவை நான் போனபோது மணி அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. மருந்தும் கொடுத்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருந்து மட்டும் கொடுத்து வழுக்குத் தரையிலேயே விட்டால் நாய் மறுபடி விழும்.

ஆகையால், நேயர்களே, முதலில் தரை. டைல் என்றில்லை, சிவப்புச் சிமெந்துக்குப் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் முகம் தெரிய மினுக்குகிறோமே, அதுவும்தான். வீடு முழுக்க வேண்டாம், நாய் நடக்கிற வழியில் மட்டும் பிடிமானம் கொடுங்கள். உரச் சாக்கு வேண்டாம், அதுவே வழுக்கும்.

அடுத்தது படுக்கை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் சிமெந்து காய்வதே இல்லை. அந்த ஈரத் தரையில் மூட்டு நோய்க்கார நாய் இரவெல்லாம் கிடந்தால் விடிய எப்படி எழும்பும்? ஒரு பலகை, பலகை மேல் தடிப்பாகச் சாக்கு, அதன் மேல் பழைய கம்பளி. இவ்வளவுதான். விளிம்பு உயரமாக இருக்கக் கூடாது, காலைத் தூக்கி வைக்க முடியாது. இரவில் உள்ளே படுக்க விடுங்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற ஊர் இது. அது நாயைப் பிடிக்கும், ஓட முடியாத நாயைச் சுலபமாகப் பிடிக்கும்.

மூன்றாவது, எடை. தோட்டத்து நாய் மெலிந்துதானே இருக்கும் என்பீர்கள். இளசில் அப்படித்தான். வயசாகி ஓட்டம் நின்ற பிறகும் பழைய அளவுக்கே ரொட்டியும் பிஸ்கட்டும் கொடுத்தால் வயிறு தொங்கும். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டியிலேயே சோடி சோடியாகப் பிரித்து, சாகும் வரை கவனித்தார்கள். பாதி நாய்களுக்கு, சோடி நாய் தின்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாகத் தின்ற கூட்டம் ஏறத்தாழ 2 வருடம் அதிகமாக வாழ்ந்தது, மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான். பட்டினி போடச் சொல்லவில்லை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும், அதுதான் அளவு.

இனி மருந்து. இதைக் கவனமாகக் கேளுங்கள். மனிதருக்கு வாங்கிய மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பெரசிட்டமோல் அளவு தப்பினால் ஈரலைக் கெடுக்கும். இபுபுரூபனும் டைக்ளோபெனாக்கும் நாயின் வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூசுகிற களிம்பும் கற்பூரத் தைலமும் கூட ஆபத்து, நாய் நக்கி உள்ளே எடுத்துவிடும். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது. மெலொக்சிகாம் ஒன்று, கார்ப்ரொபென் ஒன்று. நாயின் எடையைப் பார்த்து வைத்தியர் அளவு சொல்லவேண்டும், சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்தால், மலம் கறுப்பாகப் போனால், உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை ஏற்கெனவே கொடுத்து வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு வலி மருந்து ஒன்று சேரக் கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டுமானால் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டனில் இருந்து பஸ்ஸில் நாயைக் கொண்டுபோவது கஷ்டம் என்று தெரியும். முதலில் உங்கள் பிரதேச அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நடை பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நீள நடை வேண்டாம், ஐந்து பத்து நிமிஷமாகப் பல தடவை, சமதரையில். கட்டிப்போட்டு வைத்தால் தசை இன்னும் கரையும். படியேற்றும்போது பழைய சேலையை மடித்து அடிவயிற்றுக்குக் கீழே, பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கிக் கொடுங்கள். நகம் வளர்ந்தால் பிடிமானம் போகும், வெட்டிவிடுங்கள். வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி, சூட்டை உங்கள் முன்கையில் பார்த்துவிட்டு, மூட்டில் வைக்கலாம்.

கடைசியாக உண்ணி. நாயின் மூட்டு திடீரென்று வீங்கி, காய்ச்சலும் இருந்து, சாப்பாட்டையும் வெறுத்தால் அது நான் இவ்வளவு நேரம் சொன்ன மூட்டுத் தேய்மானம் இல்லை. உண்ணி கடித்து வருகிற காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. சாக்கும் கம்பளியும் போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். வணக்கம்.