கீழிருந்து மேலே போகும் சேதி: படையின் தயார்நிலை பற்றி வேலூரில் பேசியது

(வேலூரில் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ராணுவத்தில் சேரப் பயிற்சி எடுக்கும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற சுபேதார் என்ற முறையில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

அவையில் இருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, என்னோடு சீருடை போட்ட தோழர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வேலூரில் நின்றுகொண்டு பட்டாளத்தைப் பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை. இங்கே பேசுகிறவனைவிடக் கேட்கிறவர்களுக்கு அதிகம் தெரியும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போகும்போது அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அடுத்த முறை பஜாருக்குப் போனால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.

அதனால் வீரத்தைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அது இந்த மண்ணில் எப்போதும் இருந்திருக்கிறது. தயார்நிலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தயார்நிலை என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப்ஸ், 9 அடிப் பள்ளம் தாண்டுவது. விடியற்காலையில் பாலாற்று மணலில் ஓடும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஓடுங்கள், அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு படை தயாராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். கடைசியில் நிற்கும் சிப்பாய் கண்ணால் பார்த்த ஒன்று எவ்வளவு சீக்கிரம் மேலே போய்ச் சேருகிறது? மேலே இருப்பவர் விழுந்துவிட்டாலோ, அவர் குரல் எட்டாமல் போய்விட்டாலோ, கீழே இருப்பவன் எவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்கிறான்? இந்த இரண்டும் சரியாக இருந்தால் பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டும் நிற்கலாம். இல்லையென்றால் எந்தப் புது ஆயுதமும் கைகொடுக்காது.

இதற்குச் சாட்சி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் கோட்டையே போதும்.

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த நாள். அந்த நாளை நாம் சுதந்திரப் போரின் முதல் முழக்கம் என்று கொண்டாடுகிறோம். அது சரிதான், அந்தச் சிப்பாய்கள் நம் முன்னோர்கள். ஆனால் இன்று ஒரு பட்டாளத்துக்காரனாக இரண்டு பக்கத்தையும் பார்க்கிறேன். 1805 நவம்பரில் ஆங்கிலேயரின் சென்னைப் படைக்குப் புது உடை விதி வந்தது. நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தலையில் தோல் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும். அது மாட்டுத் தோலோ, பன்றித் தோலோ என்று இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கொதித்தார்கள். 1806 மே மாதமே வேலூரில் ஒரு சிப்பாய்ப் பிரிவு அந்தத் தலைப்பாகையைத் தொட மறுத்தது. அதிகாரிகள் அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார்கள்? 21 பேரை ராணுவ விசாரணையில் நிறுத்தினார்கள், இரண்டு பேருக்கு 900 கசையடி என்று தீர்ப்பு எழுதினார்கள்.

ஜூன் மாதம் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரில் போய், வெள்ளை அதிகாரிகளைத் தீர்த்துக்கட்டத் திட்டம் நடக்கிறது என்று சொன்னார். கர்னல் அதை இந்திய அதிகாரிகள் குழு ஒன்றிடம் விசாரிக்கக் கொடுத்தார். யாரைப் பற்றிப் புகாரோ அவர்களோடு சேர்ந்தவர்களிடமே விசாரணை! அவர்கள், இந்த ஆளுக்குப் புத்தி சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சேதி சொன்னவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். சில வாரம்தான். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்படப் பல அதிகாரிகளும் 69-வது ரெஜிமெண்டின் வெள்ளைக்கார வீரர்கள் பலரும் ஒரே இரவில் மடிந்தார்கள். அப்புறம் முஸ்தபா பெக்குக்குப் பரிசு கொடுத்தார்கள். சென்னைப் படையின் தளபதி கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

நம் பக்கத்தையும் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் வலி. சிப்பாய்கள் விடிவதற்குள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். திப்புவின் புலிக்கொடி ஏறிவிட்டது. ஆனால் பிடித்த பிறகு யார் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். வாசலுக்கு மேலே மதில் மீது மிச்சமிருந்த வெள்ளைக்கார வீரர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆற்காட்டுச் சாலையைக் கவனிக்க ஆள் இல்லை. அங்கிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். மேலே இருந்தவர்கள் கயிறு இறக்கினார்கள், அதைப் பிடித்து ஏறினார். பின்னால் வந்த பீரங்கி வாசலை உடைத்தது. பகல் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் நம் ஆட்கள் செத்தார்கள். துணிச்சலுக்கு அந்த இரவில் குறைவே இல்லை. அடுத்த ஆறு மணி நேரத்தை யோசித்து வைத்த தலைவன் ஒருவன் இல்லாமல் போனான், அவ்வளவுதான். மக்கான் பக்கத்தில் நினைவுத்தூணைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

இன்னும் 850 ஆண்டுகள் பின்னே போனால் தக்கோலம். அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 949-இல் அங்கே சோழப் படை ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதியது. சோழர் பக்கம் பட்டத்து இளவரசர் ராஜாதித்தர் யானை மேல் இருந்து படையை நடத்தினார். ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க நாட்டு பூதுகன் அவரை அந்த யானையின் மேலேயே கொன்றான். யானைமேல் துஞ்சிய தேவர் என்று சோழர்கள் அவரைப் போற்றினார்கள். ஆனால் அவர் சாய்ந்ததும் படை கலைந்தது. தொண்டை மண்டலமே பல ஆண்டுகள் சோழர் கையைவிட்டுப் போனது. இப்போது தக்கோலத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். அங்கே பயிற்சி பெறும் ஒவ்வொருவரும், முன்னே நிற்பவர் விழுந்தால் அடுத்த சொல் யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பட்டாளத்தில் இதைக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. தோழர்களுக்குத் தெரியும், தம்பிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு வேலைக்குக் கிளம்புமுன் தரையில் சேண்ட் மாடல் போடுவோம். மண்ணைக் குவித்தால் மலை, நீலப் பொடி தூவினால் ஓடை, தீப்பெட்டி வைத்தால் எதிரியின் பங்கர். செக்‌ஷன் என்ற சிறு குழுவின் கமாண்டர் குச்சியை வைத்து முழுவதும் சொல்லி முடிப்பார். சொல்லி முடித்ததும் கிளம்பிவிட மாட்டார். இருப்பதிலேயே சின்னப் பையனைப் பார்த்து, "எழுந்திரு, நாம் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், சொல்லு" என்பார். அவன் சொல்ல வேண்டும். "ஓடைக்கு இந்தப் பக்கமே நான் விழுந்துவிட்டேன். இப்போது யார் கமாண்டர்?" அடுத்த நிலையில் இருக்கும் நாயக்கின் பெயரைச் சொல்வான். "நாயக்கும் விழுந்துவிட்டான்." அப்போது அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் திகைப்பான். அப்புறம், "நான்தான் சாப்" என்பான். அந்தப் பதில் தடுமாறாமல் வரும் வரை செக்‌ஷன் கிளம்பாது. ஒரு படை உண்மையில் உருவாவது அந்தத் தீப்பெட்டியைச் சுற்றித்தான் என்று நான் நம்புகிறேன்.

மேலே உண்மையைச் சொல்லும் துணிவும் பயிற்சியில் வருவதுதான். 1962 சீனப் போரில், வடகிழக்கு எல்லையில் இருக்கும் நம்கா சூ ஓடைக்கரையில் நம் 7-வது பிரிகேடு நின்றது. கீழே பள்ளத்தில் நம் ஆட்கள், மேலே சரிவில் சீனர்கள். குளிருக்குப் பருத்தி உடை, காலுக்குக் கான்வாஸ் ஷூ. இந்த இடத்தில் நிற்க முடியாது என்று அதன் தலைவர் பிரிகேடியர் டால்வி சொன்னார். டெல்லியில் அதைக் கேட்க ஆள் இல்லை. அக்டோபர் 20 காலையில் சில மணி நேரத்தில் அந்த பிரிகேடு சிதறியது, அவரும் சிறைப்பட்டார். 1971-இல் பாகிஸ்தானோடு போர் பற்றிப் பேச்சு வந்தபோது தரைப்படைத் தளபதி ஜெனரல் மானெக்‌ஷா, இப்போது போர் வேண்டாம், மழை வரப்போகிறது, படை தயாராக இல்லை, அவகாசம் வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தியிடமே சொன்னார். பிரதமர் கேட்டுக்கொண்டார். டிசம்பரில் 13 நாளில் போர் முடிந்தது. சொன்னவருக்கு எவ்வளவு பெருமையோ, கேட்டவருக்கும் அவ்வளவு பெருமை.

சரி, இன்றைக்கு வருவோம்.

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், ஒரே இரவில் 36 இடங்களை நோக்கி பாகிஸ்தானின் 300 முதல் 400 ட்ரோன்கள் வந்தன என்று அரசு சொன்னது. லடாக்கின் லே தொடங்கி குஜராத்தின் சர் க்ரீக் வரை. நம் வான் பாதுகாப்பு எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று உளவு பார்ப்பதும் நோக்கமாக இருந்திருக்கலாம். அவற்றை அடித்தவற்றில் எஸ்-400 ஏவுகணை அமைப்பின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எல்-70 பெயர் அவ்வளவாகத் தெரியாது. 1960-களிலிருந்து நம்மிடம் இருக்கும் 40 மில்லிமீட்டர் பீரங்கி அது. அதற்குப் புதுக் கண் பொருத்தியிருந்தார்கள். ராடாரும் பீரங்கியும் ஒரே வலையில் பேசிக்கொண்டன. அதைவிட முக்கியம், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இரவு பகலாகப் பழகியிருந்தார்கள். அதனால் தாத்தா காலத்து பீரங்கி பேரன் காலத்து ட்ரோனைச் சுட்டது.

உக்ரைனில் சில நூறு டாலர் ட்ரோன் பல கோடி டாங்கியை உடைக்கிறது. 2025 ஜூன் 1-இல் லாரிகளில் மறைத்து உக்ரைன் கொண்டுபோன ட்ரோன்கள் ரஷ்யாவுக்கு உள்ளே, எல்லையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த விமானத் தளத்தையும் தாக்கின. அதாவது, போர்முனை இங்கே, பின்களம் அங்கே என்று கோடு போட முடியாது. நம் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடலில் நீர்மூழ்கியைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. போர் என்பது காஷ்மீர் சமாச்சாரம் என்று வட ஆற்காட்டுக்காரன் இனி இருந்துவிட முடியாது.

விடியலுக்கு முன்னும் பொழுது சாயும்போதும் ஆயுதத்தோடு தயாராக ஸ்டாண்ட்-டூ நிற்போமே, அந்த நேரத்தில்தான் எதிரி வருவான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெப்பத்தைப் பார்க்கும் கேமரா வந்த பிறகு இருபத்துநான்கு மணி நேரமும் ஸ்டாண்ட்-டூதான். லங்கர் என்ற சமையல்கூடத்தில் எழும் புகை, கொடியில் காயும் துணி, பாக்கெட்டில் இருக்கும் போன், ஒரே இடத்தில் நான்கு ஆன்டெனா, எல்லாமே காட்டிக்கொடுக்கும். வயர்லெஸ்ஸை எதிரி அடைத்துவிடுவான், ஜிபிஎஸ் பொய் சொல்லும். அப்போது கையில் காம்பஸும் மேப்பும்தான் இருக்கும். கூடவே, கமாண்டர் கடைசியாகச் சொன்ன நோக்கம் மனதில் இருக்க வேண்டும். அதை வைத்து ஒரு ஹவில்தார் தானாக முடிவெடுக்க வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் சாப் என்பதற்கு அங்கே நேரம் இருக்காது. ராஜாதித்தர் காலத்துக் கேள்வியே வேறு வேகத்தில் திரும்பி வந்திருக்கிறது.

தாய்மார்களிடம் ஒன்று. 2020-இல் ராணுவம் தன் வீரர்களை 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்தப் பட்டியலில் இருந்தன. பையன் நீக்கிவிட்டான். ஆனால் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை அத்தை ஸ்டேட்டஸ் வைக்கிறார், மாமா கட் அவுட் அடிக்கிறார். எந்த யூனிட், பின்னால் எந்த மலை, எல்லாம் தெரிகிறது. 2008 மும்பைத் தாக்குதலில் டிவி நேரலையைப் பார்த்துக்கொண்டே எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இங்கே இருந்த கொலைகாரர்களுக்கு வழி சொன்னார்கள். உங்கள் பெருமை நியாயமானது. விடுப்பில் வந்ததும் வீட்டில் நிற்க வைத்து எடுங்கள், பனிமலையில் எடுத்தது வேண்டாம்.

கடைசியாக அக்னிவீரர்கள். நான்கு ஆண்டு ராணுவப் பணி, அதன்பின் நான்கில் ஒருவருக்கு நிரந்தரம். சரியா தவறா என்று இங்கே நிறையப் பேருக்குக் கருத்து இருக்கிறது. எனக்கும் ஒரு கவலை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல செக்‌ஷன் கமாண்டர் உருவாக எட்டுப் பத்து ஆண்டு ஆகும். கீழே ஆட்கள் அடிக்கடி மாறினால் நாயக்கும் ஹவில்தாரும் முன்பைவிட இரண்டு மடங்கு தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய பயிற்சிக்குத்தான் இனி நேரமும் பணமும் அதிகம் போக வேண்டும். ஆள் எடுப்பதைப் பற்றி மட்டும் பேசி இதை விட்டுவிடக் கூடாது.

முதல் அணியில் 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியவர்கள் 2027 தொடக்கத்தில் நான்கு ஆண்டை முடிக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் இருபத்தைந்துகூட ஆகாத வயதில் கணியம்பாடிக்கும் அணைக்கட்டுக்கும் குடியாத்தத்துக்கும் திரும்பி வருவார்கள். அவர்களை வாட்ச்மேன் வேலைக்கு மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க நமக்கு மனம் வரக்கூடாது. வெள்ளம் வந்தால், சைரன் ஒலித்தால், ஊரைக் கூட்டி நிறுத்த அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் ஓடி முடித்ததும் பாலாற்று மணலிலேயே இரண்டு மணி நேரம் வகுப்பு. மேப், காம்பஸ், முதலுதவி, சேண்ட் மாடல். முக்கியமாக ரிப்போர்ட் சொல்வது: என்ன பார்த்தாய், எங்கே, எத்தனை பேர், எப்போது. பார்க்காததைச் சேர்க்காமல், பயந்து எதையும் விடாமல் சொல்லப் பழக வேண்டும். பெண் பிள்ளைகளும் வரலாம், வர வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. வாசலில் மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். தோழர்கள் போகும்போது பெயர், ஊர், எந்த கோர், அதாவது எந்தப் படைப்பிரிவு என்று எழுதிவிட்டுப் போங்கள். தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸிலும் மெடிக்கல் கோரிலும் இருந்தவர்கள் அவசியம் எழுத வேண்டும், அந்த இரண்டுக்கும்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.