மனம் சோர்ந்தால் தைராய்டையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தர்மபுரிச் சித்திரை வெயிலிலும் போர்வை தேடுகிறார். மலச்சிக்கல், முடி கொட்டுகிறது, முகம் உப்பியிருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் மூளையின் வேகமும் குறையும். மனச்சோர்வு நோயிலும் இதே களைப்பு, இதே மந்தம்தான். பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது, ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இது, தைராய்டு குறைந்தால் இது கூடும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அது முடிவை மாற்றிக் காட்டும்.

பிரசவமான ஓராண்டுக்குள் தைராய்டு கூடி, பிறகு குறைவதும் உண்டு. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

தைராய்டு குறைவுக்குத் தரும் மாத்திரையைச் சாப்பிடும் முறையில்தான் பலருக்குத் தவறு நடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபியும் வேண்டாம், ராகிக் கூழும் வேண்டாம். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மருந்தைக் குடல் உறிஞ்ச விடாது. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஓசூரில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத் தூங்கப்போகும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை. மருந்து உடம்பில் நிலைபெற அவ்வளவு நாளாகும். டி.எஸ்.ஹெச். சரியாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், அது சரியானதே மாத்திரையால்தான்.

அளவு சரியான பிறகும் மனம் தேறவில்லையென்றால், அந்தச் சோர்வுக்குத் தனியே சிகிச்சை வேண்டும். டி.எஸ்.ஹெச். 4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட லேசான உயர்வில் தைராய்டு மாத்திரை மட்டும் மனதை மீட்டுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பார்த்தாக வேண்டும், அந்த மருந்தே சுரப்பைக் குறைக்கக்கூடும்.

வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.