மாத்திரையும் சாப்பிடலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம்

(காட்சி: மருந்தகக் கவுன்டர். மேசையில் ஒரு சிறிய மருந்துப் பை.)

வணக்கம். நான் சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை செய்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் ஓர் இளம் தாய் கவுன்டருக்கு வந்தார். ஏழு வாரக் குழந்தை மார்போடு கட்டிய துணியில் தூங்கிக்கொண்டிருந்தது. மனச்சோர்வுக்காகப் பத்து நாளைக்கு முன்னால் வாங்கிய மருந்துப் பையை என் முன் வைத்தார். உள்ளே இருந்த அட்டையில் ஒரே ஒரு மாத்திரைதான் காலி.

"அக்கா, இதைத் திருப்பிக் கொடுக்கலாமா? பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவ இதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஒரு நாள் சாப்பிட்டேன். அன்னிக்கு பம்ப் பண்ணின பாலையெல்லாம் சிங்க்ல ஊத்திட்டேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். இந்த வீடியோ அவருக்காகவும், அவருடைய அம்மாவுக்காகவும்.

(காட்சி: வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. அடுப்பில் பூண்டுக் குழம்பு.)

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். ஹார்மோன்கள் சடாரென்று இறங்கும் நேரம் அது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, 'நான் நல்ல தாயே இல்லை' என்ற எண்ணம் விடாமல் அரிக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் பெரும்பாலானது மனச்சோர்வு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பச்சை உடம்புக்காரிக்கு நம் வீடுகளில் எதுவும் குறைவைப்பதில்லை. பத்தியச் சாப்பாடு, சுறாப் புட்டு, எண்ணெய் தேய்த்துக் குளியல் என எல்லாம் நடக்கும். மனசு சரியில்லை என்றால் மட்டும், "பிள்ளை முகத்தைப் பார், எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது சரியாகாது. சிகிச்சை இல்லாத மனச்சோர்வு தாயின் தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும். பால் கொடுப்பதே பாரமாகிவிடும். குழந்தையோடு பேச, சிரிக்கத் தெம்பிருக்காது. மாத்திரையின் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆபத்தையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

லேசான மனச்சோர்வுக்குப் பல நேரம் மனநல ஆலோசனையே போதும். ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருந்தாலும் இதே சோர்வு வரும், அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால்தான் மருந்து.

(காட்சி: ரத்தக் குழாயின் வரைபடம். எம்ஆர்டி ரயிலில் நிறைந்த பயணிகள்.)

இப்போது அந்த மாத்திரை. பாலூட்டும் தாய்மார்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுப்பது செர்ட்ராலின். ரத்தத்தில் கலந்ததும் அதில் சுமார் 98 விழுக்காடு புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். நூறு பேர் ஏறிய எம்ஆர்டியில் இரண்டு பேர் மட்டும் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேரால்தான் பாலுக்குள் போக முடியும்.

கணக்காகவே பார்ப்போம். தாய் தன் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மருந்து சாப்பிடுகிறார், அதில் எத்தனை விழுக்காடு பால் வழியாகக் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். பத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கலாம். செர்ட்ராலினுக்கு அது சுமார் இரண்டு விழுக்காடு அல்லது அதற்கும் கீழே. 60 கிலோ எடையுள்ள தாய் 50 மில்லிகிராம் சாப்பிட்டால், 4 கிலோ குழந்தைக்கு ஒரு நாளில் போவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காகப் பாலைக் கொட்ட வேண்டாம்! மாத்திரை நேரம் பார்த்துப் பால் கொடுக்கவும் வேண்டாம்.

மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பில் நெடுநாள் தங்கும், பாலிலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அது முதல் தேர்வாக இருப்பது குறைவு. ஆனால் கர்ப்ப காலத்திலேயே ஒரு மருந்து உங்களுக்கு ஒத்துப்போயிருந்தால், பிள்ளை பிறந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றவும் சொல்லாதீர்கள். வயிற்றில் இருந்தபோது குழந்தைக்குப் போனது, பாலில் போவதைவிடப் பொதுவாக அதிகம்.

குறைமாதக் குழந்தை, இரண்டு மாதத்துக்கும் குறைவான குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிராத வயது. பால் குடிக்க எழுப்பினாலும் எழவில்லை, சரியாகக் குடிக்கவில்லை, எடை ஏறவில்லை, ஓயாமல் சிணுங்குகிறது என்றால் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

கவுன்டரில் நான் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "பால் சுரக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" டொம்பெரிடோன் சாப்பிடும் தாய்மார் நிறைய. அதை சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளோடு சேர்த்தால் இதயத் துடிப்பில் கோளாறு வரலாம். பால் சுரக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெட்டோகுளோப்ரமைடு மனச்சோர்வையே கிளப்பிவிடக்கூடியது. தூக்கத்துக்கென்று யாரோ கொடுத்த சூரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை எதைச் சாப்பிட்டாலும், குழந்தையை உங்களோடு ஒரே படுக்கையில் போடாதீர்கள்.

மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு அதற்கும் மேல். அதுவரை பெரிய உதவி தூக்கம்தான். ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டால் கணவரோ பாட்டியோ கொடுக்கலாம். நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்க விடுங்கள்.

(காட்சி: கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் எண்கள்.)

தூக்கமே தேவைப்படாதது போல் பரபரப்பு, இல்லாத குரல் கேட்பது, தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம்: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்கே போங்கள். மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. தற்கொலைத் தடுப்புக்கான சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும்.

அவசரமில்லை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போவீர்கள் அல்லவா, அன்றைக்கே சொல்லுங்கள்: "பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நான் தாய்ப்பால் கொடுக்கிறேன்." இந்த இரண்டு வாக்கியம் போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

(காட்சி: மீண்டும் கவுன்டர்.)

அந்தத் தாய் மாத்திரையைத் திருப்பித் தரவில்லை. கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன், மடித்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் மறுபடி வந்தார், கூடவே அம்மாவும். நான் மகளிடம் பேச வாயெடுக்கும் முன்பே அம்மா கேட்டார்: "ஏம்மா, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கணுமா, பின்னாலயா?"

"எப்ப வேணும்னாலும் குடுக்கலாம்மா. தினமும் ஒரே நேரத்துல குடுங்க, அது போதும்."